தெரியல டீச்சர்

பி.எட். படிப்பில் மைக்ரோ டீச்சிங் என்று ஒரு கூத்து உண்டு. மீசை வைத்தவர்கள், கழுத்தில் தாலி போட்டவர்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு அப்பா அம்மா ஆனவர்கள் எல்லாரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளாக வேஷம் கட்டிக்கொண்டு பெஞ்சில் கை கட்டி உட்காருவார்கள். ஒருத்தர் மட்டும் முன்னால் நின்று ஆறு நிமிஷம் பாடம் எடுப்பார். அதுவும் முழுப் பாடம் கிடையாது, ஒரு நாளைக்கு ஒரு திறன்தான். இன்றைக்குப் பாடத்தைத் தொடங்கும் திறன், நாளைக்குக் கரும்பலகையில் எழுதும் திறன். பின்னால் ஒருத்தர் கடிகாரத்தைப் பார்த்தபடி, எத்தனை கேள்வி கேட்டார், எத்தனை முறை பாராட்டினார் என்று தாளில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருப்பார். முடிந்ததும் குறையைச் சொல்வார்கள். திருத்திக்கொண்டு மறுபடியும் ஆறு நிமிஷம். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அந்த ஆறு நிமிஷத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டு முழிக்காதவர்கள் யாரும் இல்லை.

இளவரசி மட்டும் முழிக்காதவள். காடாம்புலியூரில் முந்திரித்தோப்புக்காரர் வீட்டுப் பெண். இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, தினமும் பஸ் பிடித்துக் கடலூருக்கு வந்து படித்துக்கொண்டிருந்தாள். கணீரென்ற குரல். நாம் நன்றாகப் பாடம் எடுப்போம் என்பது அவளுக்கே கொஞ்சம் அதிகமாகத் தெரியும். அவளுடைய பலம் துருவித் துருவிக் கேள்வி கேட்கும் திறன். பதில் தெரியாத பிள்ளையை உட்காரச் சொல்லாமல், சின்னச் சின்ன கேள்வியாகக் கேட்டுக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு போய்ச் சரியான பதிலில் நிறுத்த வேண்டும். அதுதான் அந்தத் திறன்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் போலி எட்டாம் வகுப்பு மொத்தமும் பட்டதாரிகள். எல்லாரும் டக்கென்று பதில் சொல்லிவிட்டால் துருவுவதற்கு என்ன இருக்கிறது? அதனால் ஒருத்தர் தெரியாதவராக இருந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் அதற்கென்று ஒரு இடம் உண்டு. இவர்கள் குழுவில் அதற்குத் 'தெரியல சீட்டு' என்றே பெயர். யாருக்கும் அதில் உட்காரப் பிடிக்கவில்லை. பூவரசனை உட்காரவைத்தால் பாதியில் சிரித்துவிடுவான். பிரிசில்லா 'தெரியல' என்று சொல்கிற தோரணையிலேயே அவளுக்குத் தெரியும் என்று தெரிந்துவிடும். கடைசியில் அந்த இடம் கயல்விழிக்கு என்று ஆனது.

கயல்விழிக்கு முப்பத்தைந்து வயது, குழுவில் மூத்தவள். கடலூருக்குப் பக்கத்துக் கடலோரக் கிராமம். புருஷன் போட்டில் கடலுக்குப் போகிறவர். பத்தொன்பதில் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அதற்குப் பிறகு தபால் வழியில் பி.எஸ்சி. எழுதிப் பாஸ் செய்தவள். அவள் மெதுவாக எழுந்து, தரையைப் பார்த்து, முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு "தெரியல டீச்சர்" என்று சொன்னால் நிஜமாகவே ஒரு பயந்த பிள்ளை நிற்பது போலிருக்கும். வகுப்பே குலுங்கிச் சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரிப்பாள். இரண்டு மாதமாக எல்லாருக்கும் அவள்தான் 'தெரியல'. கோடு போட்டு எண்ணுகிற அந்த வகுப்பில் இதை மட்டும் யாரும் எண்ணவில்லை. அவளுடைய சொந்த முறை எப்போதும் கடைசியில்தான் வரும். அதற்குள் மணி அடித்துவிடும். "ரெக்கார்டுல எழுதிடுங்கம்மா, போதும்" என்று வகுப்பை நடத்தும் சபாபதி சார் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

சிதம்பரத்தில், கல்வியியல் கல்லூரிகளுக்கு இடையே மைக்ரோ டீச்சிங் போட்டி என்று அறிவிப்பு வந்தபோது, சார் யோசிக்கவே இல்லை. இளவரசி என்றார். கூட ஏழு 'மாணவர்கள்' போகலாம். மிதத்தல் விதி பாடத்தை எடுத்துக்கொண்டு பத்து நாள் ஒத்திகை நடந்தது. இளவரசி ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கி, யார் எந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும், எங்கே கை தூக்க வேண்டும், எங்கே கை தட்ட வேண்டும் என்று எல்லாவற்றையும் அனுப்பியிருந்தாள். அதில் கயல்விழிக்கு நேராக இரண்டே வரி. ஒன்று: தெரியல டீச்சர். இன்னொன்று: மேல வரும் டீச்சர்.

சனிக்கிழமை காலையில் கடலூர் பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் கூடினார்கள். கயல்விழி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். ப்ரீத்தி என்று பெயர். எட்டாம் வகுப்பேதான், நிஜமான எட்டாம் வகுப்பு. இரட்டைப் பின்னல், யாரிடமும் சட்டென்று ஒட்டாத முகம். பூவரசன் அவளைப் பார்த்துவிட்டு, "ஒரிஜினல் வந்துருச்சு, டூப்ளிகேட் எல்லாம் எறங்கிக்குங்கப்பா" என்றான். அவள் சிரிக்கவில்லை.

பஸ்ஸில் கயல்விழி இளவரசியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பஸ் பழைய டவுனைத் தாண்டியது. பிறகு, "இளா, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டியே?" என்றாள்.

"கேளுங்கக்கா."

"இன்னைக்கு ஒரு நாளைக்கு அந்த தெரியல சீட்டுக்கு வேற யாரையாச்சும் போட்டுக்கிறியா? நான் பிரிசில்லா சொல்றத சொல்றேன். எனக்கு எல்லாரோடதும் மனப்பாடமா இருக்கு."

"ஏங்கக்கா, என்ன திடீர்னு?"

கயல்விழி முன் சீட்டில் இருந்த மகளின் பின்னலைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "அடுப்பங்கரையில நின்னு சொல்லிப் பாத்துக்கிட்டு இருந்தேன். பாப்பா கேட்டுட்டா. காலேஜுல அம்மாவுக்குத்தான் ஒண்ணுமே தெரியாதாம்ன்னு அவங்கப்பாகிட்ட சொல்லிச் சிரிக்கிறா. நடிப்புடின்னு சொன்னேன், நம்பல. நான் வந்து பாக்குறேன்னு ஒத்தக் கால்ல நின்னு வந்திருக்கா. அவ முன்னாடி எப்படி இளா..."

அவள் கெஞ்சவில்லை. இரண்டு மாதத்தில் முதல் முறையாக ஒன்று கேட்டாள், அவ்வளவுதான். அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு வேண்டியிருந்ததெல்லாம் பெற்ற மகளின் கண்ணில் ஒரு படி மேலே நிற்பது. இளவரசிக்கு அது புரியாமல் இல்லை. நன்றாகவே புரிந்தது. புரிந்தபோதே மனசுக்குள் மேடையும் கடிகாரமும் நடுவர்களின் தாளும் வந்து நின்றுகொண்டன.

"அய்யோ அக்கா, பத்து நாளா ரிகர்சல் பண்ணது. இப்பப் போயி மாத்தினா எல்லாம் கொழம்பிடும். உங்கள மாதிரி அது யாருக்கும் வராது. நீங்க உக்காந்தாத்தான் எனக்குத் தைரியம்."

புகழ்கிற மாதிரி பேசி ஒருத்தரை இருக்கிற இடத்திலேயே அமுக்கி வைப்பது எப்படி என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. அது எல்லாருக்கும் தானாகவே வந்துவிடுகிறது.

"சரி விடு," என்றாள் கயல்விழி. "உனக்குக் கஷ்டம் வேணாம்."

சிதம்பரத்தில் போட்டி நடந்த கூடம் பெரியது. மேடையில் கரும்பலகை, இரண்டு பெஞ்சு. கீழே நடுவர்கள் மூன்று பேர். பார்வையாளர்களாக மற்றக் கல்லூரிப் பிள்ளைகள் நூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். ப்ரீத்தி மூன்றாவது வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்து, முன் நாற்காலியின் முதுகில் கையை வைத்து அதன்மேல் தாடையை வைத்திருந்தாள். இளவரசியின் பெயரைக் கூப்பிட்டதும் நிமிர்ந்தாள்.

இளவரசி அருமையாகத் தொடங்கினாள். கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர், அதில் ஒரு ஆணி. டொக் என்று அடியில் போய் விழுந்தது. "இத்தனூண்டு இரும்பு ஆணி மூழ்கிடுச்சு. அவ்வளவு பெரிய இரும்புக் கப்பல் எப்படி மிதக்குது?" கேட்டுவிட்டு, வகுப்பு முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்து, மூன்று நொடி இடைவெளி விட்டு, "கயல்விழி, நீ சொல்லு" என்றாள். எல்லாம் திட்டப்படி.

கயல்விழி எழுந்தாள். தரையைப் பார்க்கவில்லை. முந்தானையைத் தொடவில்லை. மூன்றாவது வரிசையை ஒரு தரம் பார்த்தாள்.

"கப்பல் இறங்குற அளவுக்குத் தண்ணிய ஒதுக்குது டீச்சர். ஒதுக்கின தண்ணியோட எடையும் கப்பலோட எடையும் சமமாவுறப்ப, அதுக்கு மேல இறங்காது, மிதக்கும். அதனாலதான் எங்க போட்டு கடல்ல நிக்கிறதவிட, மழைக்காலத்துல ஆத்துத் தண்ணி வர்றப்ப முகத்துவாரத்துல ஒரு விரக்கட ஜாஸ்தி இறங்கும். உப்புத் தண்ணியவிட நல்ல தண்ணி லேசு டீச்சர்."

இளவரசியின் காதில் இதில் ஒரு வார்த்தைகூட வார்த்தையாக விழவில்லை. 'தெரியல' வரவில்லை என்பது மட்டும்தான் விழுந்தது. அவளுடைய அடுத்த வரி நாக்கு நுனியில் தயாராக நின்றுகொண்டிருந்தது. அதை எதன்மேல் கொண்டுபோய் ஒட்டுவது? கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. 

"தப்பு," என்றாள். "யோசிக்காம பேசக் கூடாது. வீட்டுல காலிக் குடத்தத் தண்ணிக்குள்ள அமுக்கிட்டுக் கைய விட்டா என்ன ஆகும்? இப்ப யோசிச்சுச் சொல்லு."

கயல்விழி அவளையே பார்த்தாள். கோபமான பார்வை என்று சொல்ல முடியாது. தெருவில் போகும்போது நன்றாகத் தெரிந்தவர் கண்டும் காணாமல் போனால் ஒருத்தர் பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிறகு மெதுவாகத் தன் இரண்டாவது வரியைச் சொன்னாள். "மேல வரும் டீச்சர்."

"வெரி குட்! எல்லாரும் கயல்விழிக்குக் கை தட்டுங்க."

எல்லாரும் தட்டினார்கள். அது வாட்ஸ்அப்பில் இருந்தது.

குடத்திலிருந்து பக்கெட்டு, பக்கெட்டிலிருந்து கட்டுமரம் என்று கேள்வி கேள்வியாக நகர்ந்து, ஐந்தாவது நிமிஷத்தில் பிரிசில்லாவிடம் வந்து நின்றது. பிரிசில்லா கையைத் தூக்கி, எழுந்து நின்று, புத்தகத் தமிழில் ஒப்பித்தாள். "கப்பல் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை இடப்பெயர்ச்சி செய்வதால் மிதக்கிறது டீச்சர்."

"மிகச் சரி!" என்றாள் இளவரசி.

சொன்ன வாய் மூடுவதற்குள் அவளுக்கு உறைத்தது. இதைத்தான் கயல்விழி அக்கா சொன்னாள். இதையும் சொல்லி, இதற்கு மேலே இன்னொன்றும் சொன்னாள். பாட நூலில் அடுத்த பக்கத்தில் வருகிற விஷயம், அடர்த்தி. அதை ஒரு விரல் கணக்கில் சொன்னாள். அதற்குத்தான் 'தப்பு' என்றோம். அதோடு விட்டோமா, 'யோசிக்காம பேசக் கூடாது' வேறு.

இன்னும் நாற்பது நொடி இருந்தது. 'கயல்விழி அப்பவே சரியாச் சொன்னா, நான்தான் கவனிக்கல' என்று சொல்ல ஐந்து நொடி போதும். இளவரசி தொகுத்துரை சொல்லி, வீட்டுப்பாடம் கொடுத்து, மணி அடிக்கும்போது சரியாக முடித்தாள்.

நடுவர்களில் மூத்தவர் கல்வி உளவியல் பேராசிரியை. அவர் தாளில் விழுந்திருந்த கோடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு மைக்கைப் பிடித்தார். "ரொம்ப நல்லா இருந்தது. முக்கியமா ஒரு இடம். அந்த முதல் பொண்ணு போட்டு, முகத்துவாரம்னு எங்கெங்கயோ சுத்தி ஒரு தப்பான பதில் சொன்னாங்க. அதைப் பார்த்துக் கொஞ்சமும் தடுமாறாம, எளிமையான கேள்வி கேட்டு வழிக்குக் கொண்டுவந்தீங்க பாருங்க, அதுதான் திறன். மத்தவங்க இதைக் கவனிச்சுக்கணும்."

கூடம் கை தட்டியது. மேடையில் பெஞ்சின் ஓரத்தில் கயல்விழியும் தட்டினாள். இளவரசிக்கு முகம் எரிந்தது. பார்த்தவர்களுக்கு அது வெட்கமாகத் தெரிந்திருக்கும்.

"உங்க பாடத்துல நீங்களே பாக்குற குறை ஏதாவது உண்டா?" என்று பேராசிரியை கேட்டார். அது சம்பிரதாயம். பாடம் எடுத்தவர் தன் குறையைத் தானே சொல்லித் திருத்திக்கொள்வதற்காகவே ஏற்பட்ட முறையில், யாரும் உண்மையாகப் பதில் சொல்லாத ஒரே கேள்வி.

இளவரசி வாயைத் திறந்தாள். சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தாள். நடுவர் மேஜையில் வரிசையாக இருந்த ஷீல்டுகள் கண்ணில் பட்டன. நூறு முகங்கள் பட்டன. பாடமெடுத்தவளுக்கே எது சரி எது தப்பு என்று தெரியவில்லை என்று இத்தனை பேர் சிரிப்பார்களே என்று பட்டது.

"நேரம் கொஞ்சம் பத்தலயோன்னு இருந்துச்சு மேடம்," என்றாள்.

முதல் பரிசு அவளுக்குத்தான். குழுவாக நின்று போட்டோ எடுத்தார்கள். "பாப்பா, நீயும் வா" என்று பூவரசன் கூப்பிட்டான். ப்ரீத்தி வரவில்லை. மூன்றாவது வரிசையிலேயே உட்கார்ந்து நாற்காலியின் பிளாஸ்டிக் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் ப்ரீத்தி ஜன்னல் ஓரம், நடுவில் கயல்விழி, இந்த ஓரத்தில் இளவரசி. பின்னால் பூவரசனும் குழுவிலிருந்த சுரேந்தரும் ஷீல்டைத் தாளமாக்கி அடித்துக்கொண்டு வந்தார்கள். வெள்ளாற்றுப் பாலம் வந்தது, போனது. சொல்ல வேண்டியதை இளவரசி மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எத்தனை தரம் சொல்லிப் பார்த்தாலும் முதல் வார்த்தையைத் தாண்டவில்லை. பி.முட்லூரில் ஒரு கூட்டம் ஏறியது. புதுச்சத்திரத்தில் இறங்கியது. தாய் மகளிடம் ஏதோ கேட்டாள். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காலையில் பஸ் ஸ்டாண்டில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை, இப்போது இரண்டு பேருக்கும் நடுவில் பையைத் தூக்கி வைத்திருந்தாள்.

அதைப் பார்த்த பிறகு இளவரசியால் முடியவில்லை.

"அக்கா," என்றாள். "நீங்க சொன்னது சரிக்கா. எனக்கு அங்கயே தெரிஞ்சுடுச்சு."

"விடு இளா. நான்தான் சொன்னபடி சொல்லாம உன்னயக் கொழப்பிட்டேன். பரிசு வந்துச்சுல்ல, அது போதும்."

அவள் நிஜமாகவே சமாதானம் சொல்கிறாள் என்பது இளவரசிக்கு இன்னும் கேவலமாக இருந்தது. இளவரசி முன்பக்கமாகக் குனிந்து, கயல்விழியைத் தாண்டிப் பிள்ளையைப் பார்த்தாள்.

"பாப்பா, இங்க பாரு. உங்க அம்மா சொன்ன பதில் சரி. பிரிசில்லா அக்கா சொன்னதும் அதேதான். அவங்களவிட உங்க அம்மா நல்லாவே சொன்னாங்க. நான்தான் சரியாக் கேக்காம தப்புன்னு சொல்லிட்டேன். தப்பு என்னோடது."

ப்ரீத்தி ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கலங்கவில்லை.

"எனக்குத் தெரியும் டீச்சர். மழைக்காலத்துல போட்டு இறங்குறத எங்கப்பா எனக்குக் காட்டியிருக்காரு." ஒரு மூச்சு விட்டு, "அங்கயே தெரிஞ்சுடுச்சுன்னு சொல்றீங்களே, அங்கயே ஏன் சொல்லல? எல்லாரும் இருந்தாங்கள்ல? உங்க தப்பு என்னன்னு அந்த மேடம் கேக்கக்கூட செஞ்சாங்க. இப்ப பஸ்ஸுல எங்க ரெண்டு பேருக்கிட்ட மட்டும் சொல்றீங்க" என்றாள்.

துருவித் துருவிக் கேள்வி கேட்பதில் முதல் பரிசு வாங்கியவளைத் துருவிக் கேட்டது ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை. 

கயல்விழி மகளின் தொடையில் சுள்ளென்று ஒன்று வைத்தாள். "ஏய், யாருகிட்ட என்ன பேசுற? படிச்சவங்ககிட்ட இப்படித்தான் பேசுவியா? டீச்சர்கிட்ட சாரி கேளு."

"அக்கா, வேணாம்க்கா, அவ கேக்குறது..."

"நீ சும்மா இரு இளா, செல்லம் குடுக்காத. கேளுடி."

ப்ரீத்தி அடிபட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "சாரி டீச்சர்."

"பரவால்ல பாப்பா," என்றாள் இளவரசி.

தானாக வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. தப்பு செய்த நாம் போய் அந்தப் பிள்ளையை மன்னித்திருக்கிறோம். திருப்பி எடுக்க வழியில்லை. கயல்விழி நிம்மதியாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ப்ரீத்தி மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அங்கேயே பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி எங்கேயாவது போய்விடலாம் போல இளவரசிக்கு இருந்தது. பஸ் ஆலப்பாக்கத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. கடலூர் வர இன்னும் அரை மணி நேரம் ஆகும்.